முகம் பாராத சொந்தம்



2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை மாலை, மும்பையில் அமீன் சயானி காலமானார். மாரடைப்பு. வயது 91. மறுநாள் புதன்கிழமை, செய்தி நாடெங்கும் பரவியது. கிழமையைக் கவனித்தவர்களுக்கு மனசு ஒரு கணம் சுருக்கென்றிருக்கும். ஏனென்றால் 1952 டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கி, ஒரு தலைமுறைக்கும் மேலாகப் புதன்கிழமை இரவு எட்டு மணி என்றால் அது அவருடைய நேரம். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 'பினாக்கா கீத்மாலா' வரும் நேரம். அந்த வாரம் எந்தத் திரைப்பாடல் முதலிடம், எது இரண்டாமிடம் என்று அவர் சொல்லச் சொல்ல, வட இந்தியாவில் வீடு வீடாகக் காத்திருந்து கேட்டார்கள்.

பிரதமர் இரங்கல் தெரிவித்தார். பத்திரிகைகள் பெரிய கட்டுரைகள் வெளியிட்டன. திரையுலகத்தினர் புகழ்ந்தார்கள். இதெல்லாம் எந்தப் பெரிய மனிதர் மறைந்தாலும் நடப்பதுதான். நான் இன்றைக்குப் பேச நினைப்பது, சாதாரண ஜனங்கள் பேசிய பேச்சைப் பற்றி.

ஒரு நடிகர் இறந்தால், அவர் நடித்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். எழுத்தாளர் இறந்தால், அவர் எழுதிய கதைகளைப் பற்றி. ஆனால் ஒலிபரப்பாளர் இறந்தால், ஜனங்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். சயானி மறைந்தபோது நடந்தது அதுதான். எங்கள் வீட்டில் ரேடியோ எந்த மூலையில் இருந்தது, யார் கை வைத்தால் அப்பா திட்டுவார், அம்மா எப்படி எட்டு மணிக்குள் சமையலை முடிப்பாள், எந்தப் பாட்டு முதலிடம் வரும் என்று அண்ணனும் தம்பியும் என்ன பந்தயம் கட்டினார்கள், சொந்தமாக ரேடியோ இல்லாதவர்கள் எந்தக் கடை வாசலில் போய் நின்றார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவருடைய வாழ்க்கை வரலாறு அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் குரல் ஒலித்த கூடம்.

ஏன் இப்படி? வானொலி ஒரு வீட்டுக்குள் வருகிற விதமே தனி. சினிமாவுக்கு நாம் கிளம்பிப் போகிறோம். ரேடியோ நம் இடத்துக்கு வருகிறது; அதுவும் குறித்த நேரம் தவறாமல் வருகிறது. நாம் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது அந்தக் குரல் பக்கத்தில் இருக்கிறது. முகம் தெரியாததால் நமக்குப் பிடித்த முகத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். ஒரு சித்தப்பா மாதிரி, ஒரு பெரியக்கா மாதிரி. இருபது வருஷம் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து போகிறவரை அந்நியர் என்று யார் சொல்வார்கள்?

அந்த உறவு தானாக அமைந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் உழைப்பு இருந்தது. சயானியின் தாயார் குல்சும் சயானி, காந்தியடிகளின் விருப்பப்படி 'ரஹ்பர்' என்ற இதழை நடத்தியவர். ஒரே விஷயம், எளிமையான ஒரே மொழிநடை. ஆனால் இந்தி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்து வடிவங்களில் அச்சாகும். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். சிறுவன் அமீன் அந்த வேலைகளில் அம்மாவுக்குக் கூடமாட இருந்தவர். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மாதிரி விளங்குகிற பேச்சு அவருக்கு அங்கிருந்து வந்தது. பாம்பே வானொலியில் முதலில் ஆங்கில நிகழ்ச்சிகளில் பேசிப் பழகியவர் அவர். அண்ணன் ஹமீத் சயானிதான் அவரைக் கைபிடித்து அங்கே அழைத்துப் போனவர்.

கீத்மாலா பிறந்த கதையும் சுவையானது. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் குரல்வளை நெரிக்கப்பட்டது. கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலைக் கருவி இலங்கையில் இருந்தது. அதன் ஒலி இமயமலை அடிவாரம் வரைக்கும் எட்டும். விளம்பரம் கொடுத்தால் பாட்டுப் போடத் தயார் என்றது இலங்கை வானொலி. பற்பசை விற்கிற நிறுவனம் ஒன்று முன்வந்தது. நிகழ்ச்சியை எழுத வேண்டும், பேச வேண்டும், தயாரிக்க வேண்டும், வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரம் 25 ரூபாய். அனுபவசாலிகள் யாரும் தொடவில்லை, அதனால் எனக்குக் கிடைத்தது என்று சயானியே பேட்டிகளில் சொல்வார். அப்போது அவருக்கு இருபது வயது நிறைய இன்னும் சில நாள் பாக்கி.

நிகழ்ச்சி மும்பையில் ஒலிப்பதிவாகி, நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து வானலையில் ஏறி மறுபடி இந்தியாவுக்கே வரும். தொடக்கத்தில் ஏழு பாட்டு, ஒரு சின்னப் போட்டி, நூறு ரூபாய்ப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்ததாம். சீக்கிரமே அது வாரத்துக்கு அறுபத்தைந்தாயிரத்தைத் தொட்டது என்பது அவர் சொன்ன கணக்கு. ஒரு மனிதர் அறுபத்தைந்தாயிரம் கடிதத்தை எப்படிப் பிரிப்பார்! போட்டியை நிறுத்திவிட்டு, பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக அதை மாற்றினார்கள். இசைத்தட்டு விற்பனையும், ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்கள் அனுப்பிய பட்டியல்களும் அந்த வரிசையைத் தீர்மானித்தன. தங்கள் மன்றம் அனுப்பிய பாட்டு மேலே ஏறினால், தங்களையே மேடையில் ஏற்றியது போல அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை.

ஆக, அந்த நிகழ்ச்சியில் நேயரும் பங்காளி. சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பிறகும் வைத்து அவர் நேயர்களைக் கூப்பிடுகிற அழைப்பு, அதனால்தான் வெறும் மேடைப் பேச்சாகத் தோன்றவில்லை. எழுதினவருக்குப் பதில் சொல்கிற குரலாகத் தோன்றியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீத்மாலா 1989இல் அகில இந்திய வானொலியின் விவித பாரதிக்கு வந்தது, 1994இல் நின்றது; பிறகு சிறிது காலம் மட்டுமே மீண்டும் வந்து போனது. அவர் மறைந்தது 2024இல். நடுவில் முப்பது வருஷம். இன்றைக்கு முப்பது வயது ஆனவர்கள் அந்த நிகழ்ச்சியை வாராவாரம் காத்திருந்து கேட்டவர்களே அல்ல. மிமிக்ரி கலைஞர்கள் அந்தக் குரலைப் பேசிக் காட்டக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அப்படியும் துக்கம் பொங்கி வந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரு குரல் இத்தனை பேருக்கு நினைவில் இருந்தது என்றால், ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிகழ்ச்சிகள் செய்தவர் என்று சொல்லப்படும் கணக்கைவிட எனக்கு அது பெரிய சாதனையாகப் படுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டு 13ஆம் தேதி மும்பையில் சரோஜ் நாராயண்ஸ்வாமி காலமானார். வயது 87. டெல்லியிலிருந்து ஆகாசவாணித் தமிழ்ச் செய்திகளைப் பல பத்தாண்டுகள் வாசித்தவர். தமிழ்நாட்டின் முதலமைச்சர் இரங்கல் செய்தி வெளியிட்டார். சரி, வீடுகளில் என்ன பேச்சு? காலை ஏழே காலுக்கு டெல்லிச் செய்தி. அந்தக் குரல் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவிலும், டீக்கடைப் பெஞ்சிலும், அடுப்படி ஜன்னல் வழியாகவும் ஒரே சமயத்தில் அவர் தம் பெயரைச் சொல்வார். செய்தியைவிட அந்தப் பெயர் மனப்பாடம் ஆனவர்கள் எத்தனை பேர்! அதே ஏற்ற இறக்கத்தோடு தெருப் பிள்ளைகள் பேசிக் காட்டுவார்கள். போர், தேர்தல், புயல், தலைவர்களின் மரணம் எதுவானாலும் பதறாமல், இழுக்காமல், அழுத்தம் திருத்தமாக வாசித்தவர். அவர் மறைந்த செய்தியைக் கேட்டபோது ஜனங்கள் நினைத்துக்கொண்டது அந்தக் காலை நேரத்து அவசரத்தைத்தான். மறுபடியும் பாருங்கள், அவரவர் வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

சயானிக்கு மேடை கொடுத்த அதே கொழும்பு நிலையம், தமிழ்நாட்டுக்கும் பாட்டுக் கொடுத்தது. தென் தமிழ்நாட்டில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா என்ற அறிவிப்பாளர்களின் பெயர்களை மதுரையிலும் தூத்துக்குடியிலும் உறவுக்காரர்கள் பெயரைப் போலச் சொன்னார்கள். வானொலிக் குயில் என்று பெயர் வாங்கிய ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் மறைந்தபோது, அந்தத் துக்கத்துக்குப் பாக் நீரிணை ஒரு தடையாக இருக்கவில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் கடல் தாண்டி வந்த குரல் அல்லவா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணம் என்றும் சொல்ல முடியாது. பிபிசியின் 'ரேடியோ 1' நிலையத்தில் 1967இல் அந்த நிலையம் தொடங்கியது முதல் பேசிவந்தவர் ஜான் பீல். யாரும் சீண்டாத புதுப்புது இசைக் குழுக்களைத் தேடிப் பிடித்து ஒலிபரப்புவது அவர் வழக்கம். 2004 அக்டோபர் 25ஆம் தேதி, பெரு நாட்டில் குஸ்கோ நகரில், விடுமுறைக்குப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 65. செய்தி வெளியானதும் 'ரேடியோ 1' வழக்கமான நிகழ்ச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் பற்றியே பேசியது. நவம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரப் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களும் சொன்னது என்ன? பள்ளி நாட்களில் ராத்திரி போர்வைக்குள் ரேடியோவை ஒளித்து வைத்து, பெற்றோருக்குத் தெரியாமல் அவர் நிகழ்ச்சியைக் கேட்ட கதைகள்தான்.

இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. இவர்கள் அழுவது அந்த மனிதருக்காக அல்ல, போய்விட்ட தங்கள் இளமைக்காக என்பார்கள். உண்மைதான், அதில் பாதி அப்படித்தான். ஆனால் அதில் என்ன தப்பு? ஒலிபரப்பாளர் செய்த வேலையே நம் வீட்டுப் பொழுதோடு கலந்து போவதுதானே. அம்மா இருந்த கூடத்தையும் அந்தக் குரலையும் பிரித்து வைத்து ஞாபகப்படுத்த முடியாது. அந்தக் குரல் நின்றது என்று கேட்கும்போது, கூடம் காலியானதும் சேர்ந்தே உறைக்கிறது. இதைப் போலி துக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. முதலாவது, நாம் பத்திரப்படுத்துவதில்லை. வானொலியில் பேசியது பெரும்பாலும் காற்றோடு போயிற்று. நாடா விலை அதிகம் என்பதால் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிவு செய்த காலம் உண்டு. கீத்மாலாவின் ஒரு பகுதி சயானியின் குரலோடு பின்னாளில் குறுந்தகடுகளாக வந்தது அதிர்ஷ்டம். எத்தனையோ தமிழ் அறிவிப்பாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆகவே, பரணில் பழைய ஒலிநாடாப் பெட்டி இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் பாட்டுக்கு நடுவே ஓர் அறிவிப்பாளரின் அரை நிமிடப் பேச்சு இருக்கலாம். அதற்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம். தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றி வையுங்கள்.

இரண்டாவது, நாம் தாமதமாகப் பேசுகிறோம். இறந்த மறுநாள் ஆயிரம் பேர் நன்றி சொல்கிறார்கள். அதைக் கேட்க வேண்டியவர் இல்லை. ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு எதிரே இருப்பது ஒரு மைக்கும் ஒரு கண்ணாடிச் சுவரும்தான். கை தட்டல் கேட்காது, முகம் தெரியாது. கேட்கிறார்களா, இல்லையா என்று அவருக்குத் தெரிய ஒரே வழி நேயர் கடிதம். அந்தக் காலத்துச் சயானிக்கு வாரம் மூட்டை மூட்டையாக வந்தது. இன்றைக்கு உங்கள் ஊர் நிலையத்தில் காலையில் வேளாண் செய்தி வாசிக்கிறவருக்கு, இரவில் பழைய பாட்டுப் போடுகிறவருக்கு எத்தனை கடிதம் வருகிறது?

நேயர்களே, நீங்கள் தினமும் கேட்கிற குரல் ஒன்று இருக்கும். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஓர் அஞ்சலட்டை வாங்கி நாலு வரி எழுதிப் போடுங்கள். பிடித்ததைச் சொல்லுங்கள், பிடிக்காததையும் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.