பத்து நூல் முந்தி நிற்கும் கத்தி

மொழிபெயர்ப்புத் தொழிலில் நெடுநாள் இருப்போருக்கு ஒரு செருக்கு உண்டு. சொல் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். தில்லியில் அமர்ந்து மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கி வரும் நமக்கும் அந்தச் செருக்கு இருந்தது. குதிரை இழுக்கும் புல்வெட்டு இயந்திரம் ஒன்று அண்மையில் அதை அடக்கிற்று.

நம் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நீராவி எஞ்சின் காலத்தில் ரயில்வே பட்டறையில் சேர்ந்து, பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி வேளாண்மைக் கல்விக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்குச் சென்றிருக்கிறாள். கோடை விடுமுறையில், குதிரைகளைக் கொண்டே உழவு நடத்தும் ஒரு சிறு பண்ணையில் வேலை கற்கத் தங்கினாள். புல் அறுக்கும் பருவம் நெருங்கவே, இயந்திரத்தைச் சீர்செய்யும் வேலையில் அவளுக்கும் பங்கு வந்தது. பழைய கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்துப் பாட்டனாருக்கு அனுப்பினாள். பெரியவர் அவற்றை நம்மிடம் கொண்டுவந்தார்.

"தம்பி, இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். கத்திக்குப் பக்கத்தில் குழந்தை கை வைக்கப் போகிறாள். என்ன ஏது என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

நான்கு பக்கந்தானே என்று ஒரே மாலையில் எழுதி முடித்தோம். மறுநாள் பெரியவர் நம் படியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐந்தடிச் சட்டத்திற்கு ஒன்றேகால் அங்குலம் ஈயம் கொடுக்கவும் என்று எழுதியிருக்கிறீர்களே, ஈயத்தை எங்கே ஊற்றுவது?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஈயத்திற்கும் 'முந்தி நிற்றல்' என்பதற்கும் ஒரே எழுத்துகள், ஒலிதான் வேறு. நாம் எழுத்தைப் பார்த்தோம், இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அதோடு நிற்கவில்லை. 'ரெஜிஸ்டர்' என்று கண்ட இடத்தில் 'பதிவேடு' என்றும், 'லெட்ஜர்' என்று கண்ட இடத்தில் 'பேரேடு' என்றும் எழுதியிருந்தோம். புல்வெட்டு இயந்திரம் நம் கையில் கணக்குப்பிள்ளையின் அறையாக மாறிவிட்டது. பிறகு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து படங்களை விளக்க, நாம் எழுதினோம். அவ்வாறு அறிந்துகொண்டதையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

பனிக்காலத்தில் மேய்ச்சல் இல்லாத நாடு அது. ஆகவே கோடையில் பசும்புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, களஞ்சியத்தில் சேர்த்துவைக்க வேண்டும். வெயில் கிடைக்கும் நாட்கள் சில. அந்த நாட்களில் இயந்திரம் பழுதுபட்டால், ஆண்டு முழுவதற்குமான தீவனம் மழையில் அழுகும். அரிவாளுக்குப் பதிலாகக் குதிரை இழுக்கும் வெட்டுக் கருவியைச் செய்ய 1830களிலிருந்தே அங்கே பலர் முயன்றனர். விரல்களுக்கிடையே கத்தி முன்னும் பின்னும் ஓடும் அமைப்புக்கு ஒபெட் ஹஸ்ஸி என்பவர் 1833-இல் காப்புரிமை பெற்றார். 1902-இல் மெக்கார்மிக், டீரிங் முதலிய கம்பெனிகள் ஒன்றிணைந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆயின. 1930களின் இறுதியில் அக்கம்பெனி வெளியிட்ட 'ஒன்பதாம் எண்' இயந்திரமே அந்தப் பண்ணையில் இருந்தது. செய்வது நின்று பல பத்தாண்டுகள் ஆயினும், ஆமிஷ் மக்களின் பட்டறைகளில் அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் வார்த்துப் புதுப்பிக்கிறார்கள். அவர்களில் உழவு செய்வோர் பெரும்பாலும் இன்றும் குதிரை பூட்டியே வயல் வேலை செய்கிறார்கள்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. இரண்டு இரும்புச் சக்கரங்கள், மேலே ஓர் இருக்கை, முன்னே ஏர்க்கால், அதன் இருபுறமும் இரண்டு குதிரைகள். வலப்பக்கத்தில், நீட்டிய கைபோலத் தரையை ஒட்டிக் கிடப்பது 'கட்டர் பார்' எனப்படும் வெட்டுச் சட்டம். சட்டத்தின் முன்விளிம்பில் மூன்று அங்குலத்திற்கு ஒன்றாக இரும்பு விரல்கள் நீண்டிருக்கும். விரல்களின் பிளவுக்குள், முக்கோணப் பற்கள் தறையப்பட்ட நீண்ட கத்தி இப்படியும் அப்படியும் ஓடும். விரலுக்குள்ளே பதித்த சிறு எஃகுத் தகடுதான் நாம் பேரேடு ஆக்கிய லெட்ஜர் தகடு. பல் ஓர் அலகு, தகடு மற்றோர் அலகு. இரண்டும் சேர்ந்து கத்தரிக்கோல். கத்தரிக்கோலின் ஆணி தளர்ந்தால் துணி மடங்குமே தவிர வெட்டுப்படாது. இங்கும் அப்படியே. கத்தியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிடிப்புகள் தேய்ந்துவிட்டால், புல் வெட்டுப்படாமல் பல்லுக்கும் தகட்டுக்கும் இடையே மடிந்து செருகிக்கொள்ளும். மிகவும் இறுக்கினாலோ கத்தி ஓடாது. கையால் தள்ளினால் தடையின்றி ஓட வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது.

விரல்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்பதை ஒரு முனையிலிருந்து கண்ணால் நோக்கியே அறிகிறார்கள். கல்லில் மோதி வளைந்த விரலைச் சுத்தியால் தட்டி நிமிர்த்துகிறார்கள். வரிசை பார்க்க வேண்டியது விரல்நுனியை அன்று, உள்ளேயிருக்கும் தகடுகளை என்று கையேடு வற்புறுத்துகிறது. நுனி அழகாக இருந்து தகடு தாழ்ந்திருந்தால் பயன் இல்லை.

இனி அந்த ஈயத்திற்கு வருவோம். சக்கரம் உருளும்போது பல்சக்கரங்கள் ஒரு சிறு தட்டைச் சுழற்றுகின்றன. அந்தத் தட்டையும் கத்தியையும் இணைப்பது 'பிட்மன்' என்னும் கட்டைக் கோல். மரம் அறுக்கும் குழிக்குள் நின்று ரம்பத்தின் கீழ்முனையை இழுத்த ஆளுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். ஆள் போய்க் கோலுக்குப் பெயர் நின்றது. படத்தைக் கண்டதுமே பெரியவர், "நம் எஞ்சினின் கனெக்டிங் ராடு அல்லவா இது!" என்றார். இந்தக் கோலும் கத்தியும் ஒரே நேர்கோட்டில் ஓடினால்தான் தேய்மானம் குறையும், இழுப்பும் இலேசாகும்.

ஆனால் வெட்டுச் சட்டம் உட்புற முனையில் மட்டுமே கீல் கொண்டு பிடிக்கப்பட்டது. வெளிமுனைக்குப் பிடிப்பு இல்லை. கையை நீட்டிக்கொண்டு புதருக்குள் நடந்தால் கை பின்னே தள்ளப்படுவதுபோல, புல்லின் எதிர்ப்பு வெளிமுனையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே, நிற்கும்போது நேராக வைத்த சட்டம் வேலையில் கோணிவிடும். வேலையில் நேராக இருக்க வேண்டுமானால், நிற்கும்போது வெளிமுனை சற்று முந்தி நிற்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. "அடிக்கு இரண்டு நூல், ஐந்தடிக்குப் பத்து நூல். இதைச் சொல்ல இத்தனை ஆங்கிலமா!" என்றார் பெரியவர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் தச்சரும் கொல்லரும் நூல் என்று சொல்வதை அலுவலகத்தில் இருபது ஆண்டு கழித்த நாம் மறந்தே போயிருந்தோம்.

அளப்பதும் நூலால்தான். சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, குதிரை பூட்டும்போது இருக்கும் உயரத்தில் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். கீலில் உள்ள தளர்ச்சி நீங்கும்படி வெளிமுனையைக் கையால் பின்னே தள்ளிப் பிடிக்கிறார்கள். பிறகு பிட்மன் கோலின் இரு முனைகளின் நடுவையும் ஒட்டி ஒரு நூலைப் பிடித்துச் சட்டத்தின் கடைசிவரை இழுக்கிறார்கள். உட்புற முனையில் கத்தியின் பின்விளிம்பு நூலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதைவிடப் பத்து நூல் அளவு வெளிமுனையில் முன்னே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை தேய்ந்த கீல் ஆணிகள். அவற்றை மாற்றிய பின்னும் குறை இருந்தால், கீலில் உள்ள, மையம் விலகிய துளையுடைய புஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

'ரெஜிஸ்டர்' என்பதும் இதன் பின் விளங்கிற்று. கத்தி ஒரு வீச்சில் ஏறத்தாழ மூன்று அங்குலம் நகர்கிறது. அதாவது, ஒரு விரலின் நடுவிலிருந்து அடுத்த விரலின் நடுவுக்கு. வீச்சு முடியும் இரு பக்கங்களிலும் பல்லின் நடு விரலின் நடுவுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் மிகுந்தால், வெட்டு ஒழுங்கற்றுப் போகும், சுமையும் கூடும். சட்டத்தை முழுவதுமாகச் சிறிது உள்ளே அல்லது வெளியே நகர்த்தி இதைத் திருத்துகிறார்கள். 'நடுச்சேர்க்கை' என்று எழுதினோம். பெரியவர் தலையசைத்தார், முழு மனத்தோடு அசைத்தார் என்று சொல்ல மாட்டோம்.

இவை பிழைத்தால் உடனே எதுவும் உடைவதில்லை. இயந்திரம் வெட்டிக்கொண்டுதான் இருக்கும். வேறுபாட்டைத் தோளில் சுமப்பவை குதிரைகள். வெட்டுச் சட்டம் ஒரு பக்கத்தில் இருப்பதால் இழுப்பு ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்கிறது. அதன்மேல் கோணிய கத்தி, இறுகிய பிடிப்பு, மழுங்கிய பல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால், குதிரைகள் விரைவில் வியர்த்து நின்றுவிடும். ஓட்டுபவர் குதிரை சோம்பல் என்பார். அளவு தவறியதை அவற்றால் எடுத்துச் சொல்ல முடியாதே.

பெரியவரின் கவலை விரல்களைப் பற்றியது; இரும்பு விரல்களைப் பற்றியது அன்று. இந்த இயந்திரத்திற்கு மோட்டார் இல்லை. சக்கரம் உருண்டால் கத்தி ஓடும். ஈ கடித்துக் குதிரை ஓரடி எடுத்துவைத்தாலும் கத்தி பாயும். எனவே இருக்கையை விட்டு இறங்குமுன் பல்சக்கர இணைப்பை விடுவிக்க வேண்டும். சட்டத்தின் முன்னே நிற்கலாகாது. அடைத்த புல்லைப் பின்புறமிருந்தே எடுக்க வேண்டும். இந்தப் பகுதியைப் பெரியவர் நம்மை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேத்தியைத் தொலைபேசியில் அழைத்து, அவளையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அவள் நூல் பிடித்துப் பார்த்தபோது ஆறு நூலே இருந்ததாம். கீல் ஆணி ஒன்று பாதி தேய்ந்திருந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறையில் புதிய ஆணி வாங்கிப் போட்டபின் பத்து நூலுக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது. பண்ணைக்காரர் அதுவே போதும் என்றாராம். பெரியவருக்கு அது போதவில்லை. புஷ்ஷைத் திருப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றொன்றும் அவள் சொன்னாள். அடர்ந்த புல்லின் நடுவே நிறுத்திவிட்டு மறுபடி புறப்படும்போது, குதிரைகளை நேரே முன்னே ஓட்டுவதில்லை. இரண்டடி பின்னே நடத்தி, அங்கிருந்து முன்னே விடுகிறார்கள். புல்லைத் தொடும்போது கத்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. குதிரைகளுக்குத் திணறல் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரியும் இருந்தது. நாம் அதை முதற்படியில் விட்டுவிட்டிருந்தோம்.