கற்றுக்கொள்வோம், ஆனால் கவுண்டரை மூட விடமாட்டோம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் சங்க அமைப்பாளரான ரயில்வே தோழர் ஆற்றிய உரை)



வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டது ஒரு குடும்பம். கணவர் சென்ட்ரிங் வேலை, மனைவி சித்தாள். தெருமுனைக் கடையில் பணம் கொடுத்து டிக்கெட் போட்டார்கள். கடைக்காரர் ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். அது காத்திருப்போர் பட்டியல் டிக்கெட். கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. இணையத்தில் எடுத்த இத்தகைய டிக்கெட், வண்டியின் சார்ட் தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடும். பணம், கட்டிய கணக்குக்கே திரும்பும். கட்டியது கடைக்காரரின் கணக்கு. குறுஞ்செய்தி போனதும் அவருடைய செல்போனுக்கே. கையில்தான் தாள் இருக்கிறதே என்று இவர்கள் வண்டி ஏறினார்கள். டிக்கெட் இல்லாத பயணிகள் என்று அபராதம் விழுந்தது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணம் அதிலே போயிற்று.

இதைக் கேட்டதும் கவுண்டரில் உட்காரும் எங்களுக்கே முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ‘டபிள்யூ.எல். என்ற இரண்டு எழுத்தைக்கூடப் பார்க்காமலா ஏறினார்கள்?’ என்றுதான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஏனெனில் அந்த இரண்டு எழுத்தை எங்களுக்கு யாரோ சம்பளம் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். அந்தத் தாய்க்கு யார் சொல்லித் தந்தார்கள்?

நம் செகந்திராபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முன்பதிவு 1980களில் இங்கு வந்தது. பின்னர் நாடெங்கும் பரவிய ‘கான்சர்ட்’ என்ற முன்பதிவு மென்பொருள் 1994இல் முதன்முதலாக இங்கேதான் நடைமுறைக்கு வந்தது. தடித்த பதிவேட்டில் பேனாவால் பெயர் எழுதிய குமாஸ்தாக்கள் விசைப்பலகைக்கு மாறினார்கள். ரயில்வே ஊழியருக்கு மௌலாலியில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் நாளும் வேலை நாள்தான்; அதற்கும் சம்பளம் உண்டு.

2002இல் இணைய டிக்கெட் வந்தது. இன்று முன்பதிவு டிக்கெட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இணையத்தில்தான் விற்பனையாகிறது. அதாவது, குமாஸ்தா செய்த வேலையைப் பயணியே செய்கிறார். குமாஸ்தாவுக்குப் பயிற்சியும் சம்பளமும். அதே வேலையைச் செய்யும் பயணிக்குத் தவறினால் அபராதம்! இது எந்த ஊர் நியாயம்?

ரயிலோடு நிற்கவில்லை இது. 2021 மே மாதம், 18 முதல் 44 வயது வரையுள்ளோர் கோவின் தளத்தில் பதிந்தால்தான் தடுப்பூசி என்றார்கள். செல்போன் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பின்னர் நேரில் பதியவும் வழி திறந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை எட்டும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும். கண் சிமிட்டினால்தான் கணக்குத் திறக்கும் என்ற இயந்திரத்தின் முன் அவர்கள் என்ன செய்வார்கள்? ‘கற்றுக்கொள்’ என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

அப்படியானால் நாம் கற்கவே வேண்டாமா? இல்லை தோழர்களே, கற்றே தீர வேண்டும். தெரியாதவன் எப்போதும் இன்னொருவன் கையைப் பார்த்து நிற்கிறான். செல்போனையும் ரகசிய எண்ணையும் கடைக்காரரிடம் கொடுப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம்.

எப்படிக் கற்பது? புதுக்கோட்டை நமக்கு வழி காட்டியிருக்கிறது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்தார்கள். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் ஆண்துணைக்குக் காத்திருந்த காலம் அவர்களுக்கு முடிந்தது. தொண்டர்கள் வீடு தேடி வந்து கற்பித்தார்கள். ‘கற்காவிட்டால் ரேஷன் இல்லை’ என்று யாரும் மிரட்டவில்லை.

நாமும் நான்கு பாடத்தோடு தொடங்குவோம்.

ஒன்று: டிக்கெட்டோ வங்கிக் கணக்கோ, நம் செல்போன் எண்ணையே கொடுக்க வேண்டும். தனிநபர் கணக்கில் டிக்கெட் போட்டு லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டிடம் மட்டும் போங்கள், ரசீது கேளுங்கள்.

இரண்டு: வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 139க்குப் போன் செய்து பி.என்.ஆர். எண்ணைச் சொல்லி நிலையைக் கேளுங்கள். சாதாரண போனே போதும்.

மூன்று: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவன் திருடன்.

நான்கு: ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஞாயிறு மாலை இதே இடத்தில் வகுப்பு. நம் பிள்ளைகள் தெலுங்கும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். அவர்களே வாத்தியார்கள். பெரியவர்களைச் சிரிக்காமல் சொல்லித் தர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

கூடவே மூன்று கோரிக்கைகள். கவுண்டரை மூடாதே! படிவமும் குறுஞ்செய்தியும் அவரவர் தாய்மொழியில் வேண்டும்! கூலி வெட்டாமல் வேலை நேரத்தில் பயிற்சி வேண்டும்!

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தபோது கல்லும் மணலும் சுமந்தவர்கள் நம்மைப் போன்ற வெளியூர்த் தொழிலாளர்கள். அந்தக் கை ஒரு பொத்தானை அழுத்தக் கற்கும். கற்கும் வரை, கவுண்டருக்குப் பின்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கட்டும்.