முகப்பூச்சும் முன்னெச்சரிக்கையும்

கடலாடி வட்டத்து வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்து வாழ்பவர்கள் நாம். நம் நிறம் குறையன்று. அதைக் குறையென்று கூறியே சிலர் வணிகம் நடத்துகின்றனர்.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரக நோயுற்று வந்தோருள் பலர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்பதை 2023-ஆம் ஆண்டு மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். களிம்பில் பாதரசம் இருந்தது. அது தோலில் நிறமி உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். ஆனால் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம் ஆகியவை அறிகுறிகள்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் விதிகளும் நமக்குக் காவல். உறையில் உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானங்கள் இருத்தல் வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் பதிவுச்சான்று எண்ணும் வேண்டும். இவை இல்லாததை வாங்க வேண்டா. ஐயமெனில் ரசீதுடன் மருந்து ஆய்வாளரிடம் முறையிடலாம். 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இளைஞர்களே! உறையின் சிற்றெழுத்தைப் படிக்க இயலாத மூத்தோர்க்குப் படித்துக் காட்டுங்கள். இச்சங்கம் 25 ஆண்டுகள் புகட்டிய எழுத்தறிவு அதற்கும் பயன்படட்டும். மணப்பெண்ணின் நிறம் கேட்கும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்தே நீக்குவோம்.