அண்ணனும் தம்பியும் மீண்டும் பாடினர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் 1970களில் தோன்றிய ஹிப்ஹொப் இசை நெடுங்காலம் இளைஞரின் கலையாகவே கருதப்பட்டு வந்தது. முழுப் பாட்டாகவும் அன்றி, வெறும் பேச்சாகவும் அன்றி, தாளத்தின்மேல் எதுகையோடு சொற்களை அடுக்கிச் செல்லும் ராப் என்னும் முறையே அதன் உயிர். அக்கலையில் நாற்பது வயதைக் கடந்தவரின் காலம் முடிந்ததென்று எண்ணுவது இரசிகர் வழக்கம். அவ்வெண்ணத்தை அசைத்த இசைத்தொகுப்பொன்று 2025 யூலை 11ஆந் திகதி வெளிவந்தது. அதனை ஆக்கியோர் கிளிப்ஸ் என்னும் பெயருடைய இரு சகோதரர். மூத்தவர் மாலிஸ், அப்போது வயது 52. இளையவர் புஷா டி, அப்போது வயது 48.

பிரொங்ஸிலே பிறந்த இவ்விருவரும் வேர்ஜீனியா மாநிலத்தின் கடலோர நகராகிய வேர்ஜீனியா பீச்சில் வளர்ந்தவர்கள். அவ்வூரவரான ஃபரெல் வில்லியம்ஸும் அவரது நண்பர் சாட் ஹியூகோவும் இசையமைக்க, 2002இல் இவர்களது 'லோர்ட் வில்லின்' வெளிவந்தது. அதிலுள்ள 'கிரைண்டின்' என்ற பாட்டில் மெல்லிசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அடியும் அதிர்வுமே உண்டு. பாடசாலை உணவு மேசைகளைக் கைமுட்டியாலும் விரல்களாலும் தட்டி அத்தாளத்தை எழுப்பாத பிள்ளைகள் அந்நாளில் அந்நாட்டில் அரியர். தாளம் அத்துணை எளிது. பாடுபொருளோ எளிதன்று. தெருமுனையிலே கொக்கெயின் விற்பவனின் வாழ்வும், அச்சமும், செருக்கும் அவர்களது பொருள். 2006இல் வந்த 'ஹெல் ஹாத் நோ ஃபியூரி' அதே பொருளை இன்னும் குளிர்ந்த, இரக்கமற்ற ஓசையிலே சொல்லிற்று. அதனையே அவர்களின் தலைசிறந்த ஆக்கமாகக் கொள்வோர் பலர்.

2009இல் நிலைமை மாறிற்று. அவர்களின் முன்னாள் முகாமையாளர் போதைப்பொருட் கடத்தற் குற்றத்திற்காகக் கைதாகி, பின்னர் 32 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாட்டிலே கேட்ட தொழிலின் விலை கண்முன்னே வந்து நின்றது. அவ்வாண்டின் இறுதியில் மூன்றாவது தொகுப்பு வெளியாயிற்று. அதன்பின் தமையனார் விலகினார். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றித் தம் வாழ்வைப்பற்றி ஒரு நூல் எழுதினார். 2012இல் பெயரையும் மாற்றிக்கொண்டார். மாலிஸ் என்றால் வன்மம். புதிய பெயராகிய நோ மாலிஸ், வன்மம் அற்றவர் எனப் பொருள்படும். தம்பியோ தனியே பாடிப் புகழ்பெற்றார். இருவருக்கும் பகை இருந்ததில்லை. ஆயினும் ஒருவர் துறந்த பொருளை மற்றவர் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாயாரும், சில மாத இடைவெளியில் தந்தையாரும் காலமாயினர். புதிய தொகுப்பாகிய 'லெட் கோட் சோர்ட் எம் அவுட்' இந்தத் துயரத்தோடுதான் தொடங்குகிறது. முதற்பாட்டின் பெயர் 'பறவைகள் பாடுவதில்லை' எனப் பொருள்படும். இளையவர் தாயையும் மூத்தவர் தந்தையையும் விளித்துப் பேசுகின்றனர். கடைசி உரையாடல்கள், அவ்வேளையில் விளங்காமற்போன குறிப்புகள், வெறுமையான வீடு என்பனவே பொருள். மீண்டும் பாடலாமா என்று மகன் கேட்டதும், தந்தை ஆசி கூறியதும் அதிலே வருகின்றன. ஜோன் லெஜன்ட் பல்லவியைப் பாட, வேர்ஜீனியாவைச் சேர்ந்த 'வொய்சஸ் ஒஃப் ஃபயர்' என்னும் தேவாலயப் பாடகர் குழு உடன் சேர்கிறது.

கேட்டோரை முதலில் வென்றது இப்பாட்டே எனலாம். தாய் தந்தையரை இழப்பது பெரும்பாலும் நடுவயதினர்க்கு நேர்வது. இருபது வயதினன் அதனை இவ்வாறு பாடியிருக்க இயலாது. 2002இல் மேசை தட்டிய பிள்ளைகளும் இன்று நாற்பதை எட்டிவிட்டனர் அல்லரோ!

இரசிகரிடையே பெரிதும் பேசப்பட்டவர் மூத்தவர். பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் ஒதுங்கியிருந்தவரின் நாவிலே துரு ஏறவில்லை என்பது வியப்பாயிற்று. தம்பியின் சொல் கூரியது. அண்ணனின் சொல் கனமானது. ஒரு வரியிலே பழைய தெருவும் மறுவரியிலே மறைநூலும் வந்து உராய்வதால் உண்டான கனம் அது.

குறை கூறியோரும் இருந்தனர். இம்முறை ஹியூகோ இல்லாமல் வில்லியம்ஸ் தனியே இசையமைத்தார். பாரிஸில், தாம் ஆடவர் உடைப் பகுதியின் படைப்புத் தலைவராயுள்ள லூயி வித்தோன் நிறுவனத்தின் பணிமனையிலேயே பெரும்பகுதியை ஒலிப்பதிவு செய்தார். இசை மெருகேறியது, பழைய கரடுமுரடு குறைந்தது. பல்லவிகளை அவர் தமது மெல்லிய குரலிலே பாடியதும் பலருக்கு உவக்கவில்லை. அக்குறை நியாயமானதே. ஆயினும் சவூதி அரேபியப் பாடகர் தலால் மத்தாவின் பழைய பாடலொன்றை எடுத்தாண்ட 'சோ பீ இட்' என்ற பாட்டிலே அந்தக் குளிர்ந்த ஓசை மீண்டும் கேட்கிறது.

பெரிய வினா வேறு. முதற்பாட்டிலே பெற்றோருக்காகக் கண்ணீர் விட்டவர்கள், அடுத்த பாட்டுகளிலே நஞ்சு விற்ற நாட்களின் பெருமையைப் பேசலாமா? மூத்தவரின் வரிகளிலே குற்றவுணர்வு இழையோடுவதால் அவரை மன்னிக்க மனம் வருகிறது. இளையவர் அத்தகைய சலுகை எதையும் வேண்டுவதாகத் தெரியவில்லை. அக்கதையை வருடிக்கொடுக்காமல் சொல்வதே நேர்மை என்பர் சிலர். ஐம்பதை எட்டியும் அதே கதையா என்பர் வேறு சிலர். இரண்டாம் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

வெளியீட்டிற்கு முன்னரும் ஓர் இடையூறு. கென்றிக் லமார் பாடிய பகுதியை மாற்றுமாறு தமது இசைத்தட்டு நிறுவனம் கேட்டதாகவும், தாம் மறுத்துப் பெருந்தொகை செலுத்தி வெளியேறியதாகவும் புஷா டி பத்திரிகைகளிடம் கூறினார். வேறு நிறுவனத்தின் வாயிலாக வந்த தொகுப்பு, முதல் வாரத்தில் 118,000 பிரதிகளுக்கு நிகரான கணக்கோடு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தைப் பெற்றது. 2002இல் முதல் தொகுப்பு வந்தபோதும் அவர்களுக்குக் கிடைத்தது அதே நான்காம் இடந்தான்.

அவ்வாண்டு செப்டெம்பரில் வத்திக்கான் நகரின் புனித பேதுரு சதுக்கத்திலே சகோதரர் இருவரும் பாடினர். கிறமி விருதுகளுக்கு ஐந்து பரிந்துரைகள் கிடைத்தன. 2026 பெப்ரவரியில் விருது பெற்றது பெற்றோரைப் பாடிய பாட்டன்று. நிறுவனத்தோடு பிணக்கு விளைத்த, லமார் உடன்பாடிய அந்தப் பாட்டே.