ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை: என்ன செய்யலாம்?

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கும் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

நம்மில் பலர் வீட்டு பீரோவில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கும். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். அதை லேப்டாப்பில் சொருகினால் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே பாதியில் மறைந்தும் விடுகிறது.

இப்படி ஆரம்பித்தால், டிஸ்க் தெரிகிற நேரத்திலேயே முக்கியமானவற்றை வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள். குடும்பப் படங்களும் ஆவணங்களும் முதலில். சினிமாப் படங்கள் கடைசியில். கோளாறு எங்கே என்று அப்புறம் பார்க்கலாம். அடுத்த முறை அது தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

முதலில் கேபிள். பல டிஸ்க்குகளில் இருக்கும் தட்டையான, அகலமான சிறிய முனை நாளடைவில் தளர்ந்துவிடும். லேசாக அசைந்தாலும் இணைப்பு போய் வரும். வேறு நல்ல கேபிள் போட்டுப் பாருங்கள். டைப்-சி டிஸ்க் என்றால் கவனம்: மொபைல் கேபிள்களில் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது.

அடுத்தது மின்சாரம். கைக்கு அடக்கமான டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி போர்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 தர வேண்டியது 900. டிஸ்க் சுழலத் தொடங்கும்போதுதான் தேவை அதிகம். போதாவிட்டால் தெரியாது, அல்லது வந்து வந்து போகும். அதனால் ஹப்பைத் தவிர்த்து நேராகச் சொருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட்டே நல்லது. தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால், அதே வோல்ட் அளவுள்ள அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும். வேறு எதையாவது சொருகினால் டிஸ்க்கே எரிந்துபோகலாம்.

மூன்றாவது கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் பலமுறை சொருகியும் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியானால் பிரச்சினை பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைப்பது ஒரு காரணம். பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திப் பாருங்கள். டிஸ்க் சுழல்கிறது, ஆனால் 'திஸ் பிசி'யில் இல்லை என்றால், ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். அங்கே டிஸ்க் நல்லபடியாகத் தெரிந்து எழுத்து மட்டும் இல்லாவிட்டால், ஓர் எழுத்து கொடுத்தால் போதும்.

மெனக்கெட விருப்பம் உள்ளவர்கள் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'சிஆர்சி எரர்' எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் இணைப்பில்தான் முதல் சந்தேகம். 'பெண்டிங் செக்டர்' கூடினால் டிஸ்க்கே பழுதாகிறது என்று பொருள்.

இனி செய்யக் கூடாதவை. 'ஃபார்மேட் செய்ய வேண்டும்', 'இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதறி ஓகே கொடுக்காதீர்கள், கேன்சல் செய்யுங்கள். உள்ளே டேட்டா அப்படியே இருக்கலாம். காப்பி எடுக்காமல் 'செக் டிஸ்க்' ஓட்ட வேண்டாம். டக், டக் என்று சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் சொருகினால் சேதம் கூடும். ஃபிரிட்ஜில் வைப்பது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். டேட்டா முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும்; செலவும் அதிகம், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அதனால்தான் கடைசியாக ஒன்று சொல்கிறேன். போனில் இடம் இல்லை என்று படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு போனில் அழித்துவிடுகிறோம். அதற்குப் பெயர் பேக்கப் இல்லை. இருப்பது ஒரே பிரதிதான். இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ இரண்டாவது பிரதி வையுங்கள். இந்த வார இறுதியில் பீரோவைத் திறந்து, டிஸ்க்கை ஒருமுறை சொருகிப் பாருங்கள்.