படுவான்கரைப் பிள்ளையும் பட்டறைக் கல்வியும்

(மட்டக்களப்பில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



முன்மாரி அறுவடைக் காலமொன்றில் வாவிக்கரை நெல்லாலை உரிமையாளர் ஒருவர் வழக்கு விடயமாக என்னிடம் வந்தார். வந்தவர் வழக்கை விட்டுப் பிள்ளைகளைப் பற்றியே பேசினார். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்துத் தேறிய இளைஞனொருவனை வேலைக்கு வைத்தாராம். மின்மோட்டாரின் விதிகளைக் கேட்டால் மடை திறந்தாற்போல் ஒப்புவித்தானாம்; வார்ப்பட்டை தளர்ந்து ஆலை நின்றபோது கைகட்டி நின்றானாம். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை நெல் முற்றத்திலே நனைந்தது. பிழை அந்தப் பிள்ளையினது அன்று. ஓடும் ஆலைக்குள் அவன் காலெடுத்து வைத்ததே அந்த வாரத்தில்தான்!

2013 இல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. 2015 இல் முதற் பரீட்சை நடந்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடே. கலைப்பிரிவையன்றி வேறு வழியறியாத கிராமப் பிள்ளைக்கு அது பல்கலைக்கழகத்தின் இன்னொரு வாயிலைத் திறந்தது. ஆயினும் மகரகமையில் வகுத்த பாடத்திட்டம் கம்பகாவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் ஒன்றே. கம்பகா மாவட்டத்திலே கட்டுநாயக்கத் தொழில் வலயம் இருக்கிறது. நமக்கோ நெல்லாலை, ஐஸ் ஆலை, படகு இயந்திரம், இறால், தயிர். 1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டது. நம் வயலின் மிச்சம் நாட்டுக்குத் தாளாயிற்று. ஊர்ப் பொருளிலிருந்து கைத்தொழில் பிறக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கே ஒரு நியாயமான அச்சத்தை நான் மறைக்கவில்லை. 1972 இல் தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. ஊர்த் தொழிலையே பாடமாக்கும் எண்ணம் அதிலிருந்தது. “மீனவன் பிள்ளை மீண்டும் வலைக்கோ?” என்று பெற்றோர் சினந்தனர். 1977 இல் ஆட்சி மாற, அத்திட்டமும் கைவிடப்பட்டது. பெற்றோர் சினம் தவறன்று. பட்டறைக்குப் போகும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபடுமாயின் அத்திட்டத்தை நானே எதிர்ப்பேன். நான் கேட்பது வேறு: அதே பாடம், அதே பரீட்சை, செய்முறை மட்டும் நம் வாவிக்கரையில்.

சட்டம் இதற்கு இடந்தருகிறதா? தருகிறது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் கல்விப் பின்னிணைப்பைப் பாருங்கள். இடைநிலைக் கல்வியின் தெரிந்த பாடங்களில், தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலோடு, உள்ளூருக்கேற்ற மாறுதல் செய்ய மாகாணத்துக்கு வழியுண்டு. அதிகாரம் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஏட்டிலிருக்கும் இச்சிறு அதிகாரத்தையேனும் எடுத்தாண்டோமா? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் சபை இருந்ததே! இக்குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

ஆலை உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் கைப்பழக்கம் இல்லை என்கிறீர்கள். அவனை உள்ளே விட்டீர்களா? ஜேர்மனியர் 1969 இல் சட்டமியற்றி, பயிலுநனுக்கும் முதலாளிக்கும் எழுத்திலே ஒப்பந்தம் இருத்தல் வேண்டும் என்றனர். நம் நாட்டிலும் 1971 ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் வந்தது. மாணவனுக்கும் அத்தகைய ஒப்பந்தம் வேண்டும்: வாரம் ஒருநாள் ஆலையில், விபத்துக்கு ஈடு, கூலியாளாக நடத்தாமைக்கு உறுதி.

இம்மூன்றையும் கொண்ட விண்ணப்பத்தின் வரைவு என் கையிலுள்ளது. வாயிலருகே வைக்கிறேன். மாணவரை ஏற்க இசையும் ஆலைக்காரர் தம் பெயரைத் தாமே எழுதுவாராக.