மூத்த குழந்தையின் பங்கு



ஆண்டு விழாவில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று வீட்டுக்குள் நிகழும் ஒரு செய்தியைப் பேச விரும்புகின்றோம்.

நம் காலனியில் ஒரு வீட்டில் இரண்டாம் பேறு என்றால், "பெரியவனை என்ன செய்வது?" என்னும் கேள்வி உடனே எழுகின்றது. அதற்கு நாம் காணும் விடைகள் இரண்டு. தாய் பிறந்தகம் செல்லும்போது அவனையும் அழைத்துச் சென்று, பாலர் பள்ளியைச் சில மாதங்கள் மறந்துவிடுவது ஒன்று. பச்சைக் குழந்தை உறங்க வேண்டும் என்று, காலை முதல் மாலை வரை அவனை வெளியே விட்டுவைப்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் செய்தோம், இரண்டிலும் தவறினோம்.

விஜயபுரத்திற்குத் திருத்தணி தொலைவன்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை அதுவும் சித்தூர் மாவட்டத்து ஊரே. இன்றோ அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு. இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெலுங்குப் பாட்டு. மூன்றரை வயதில் எங்கள் மகன் தட்டுத் தடுமாறிக் கற்ற தெலுங்குச் சொற்கள், பாட்டி வீட்டில் நான்கு மாதம் இருந்து திரும்பியபோது மறைந்திருந்தன. தோழர்கள் பேச, அவன் வாய்மூடி நின்றான். பின்னர் அவனை மாலை வரை வெளியில் விடத் தொடங்கினோம். "பாப்பா வந்ததால் என்னை அனுப்பிவிட்டார்கள்" என்று ஒருநாள் பாட்டியிடம் கூறினான். அச்சொல் எங்கள் கண்ணைத் திறந்தது.

1961-ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டம் பணிபுரியும் பெண்ணுக்கு 12 வார விடுப்பு அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதனை 26 வாரமாக்கியது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்னும் மருத்துவ அறிவுரைக்கும் அவ்வளவு பொருந்துகின்றது. அந்த 26 வாரங்களில் மூத்த குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைச் சட்டம் பிரித்துத் தராது. நாமே பிரித்துத் தருதல் வேண்டும்.

எவ்வாறு? பள்ளியை நிறுத்த வேண்டா. பள்ளி நேரத்தை நீட்டவும் வேண்டா. முன்பு சென்ற அதே சில மணி நேரம் செல்லட்டும். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் தாய் எழ இயலாது. ஆகவே கொண்டுவிடுவதும் அழைத்துவருவதும் தந்தையின் கடமை. பேறுகாலத்திற்கு ஒரு மாதம் முன்பே அப்பழக்கம் தொடங்கினால், 'பாப்பாவால் வந்த மாற்றம்' என்று பிள்ளை எண்ணமாட்டான். 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி நாள்கள் வரும். அந்நாள்களில் பெரியவனை அழைத்துவருபவர் யார் என்பதை அண்டை வீட்டாரோடு முன்னரே பேசி வைத்துக்கொள்ளலாம். மகள் பிறந்தகம் செல்வதற்கு மாறாகப் பாட்டியையே இங்கு வரவழைத்தல் இன்னும் நன்று.

பள்ளியிலிருந்து வந்தவன் கைகால் கழுவி, உடை மாற்றிக்கொள்ளட்டும். பின்னர் அரைமணி நேரம் சின்னது பாட்டி மடியில் இருக்க, பெரியவன் தாய் மடியில் இருக்கட்டும். அவ்வேளையில் அவனுக்குத் தமிழில் ஒரு கதை சொல்லுங்கள். பள்ளியில் தெலுங்கு, மடியில் தமிழ். இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. இதைக் கைக்கொண்ட சில வாரங்களில் எங்கள் வீட்டு வாயிற்படி அழுகை அடங்கிற்று.

முடிக்குமுன் ஒன்று. நகரியின் விசைத்தறிகளிலும், நம்மைச் சூழ்ந்த மாந்தோப்புகளிலும் கூலிக்கு உழைக்கும் தாய்மார் பலருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதே இல்லை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் பயனாக எழுந்த அங்கன்வாடிகளே அவர்களுடைய மூத்த பிள்ளைகளுக்குப் புகலிடம். நம் பிள்ளையின் கையைப் பிடித்துச் செல்லும்போது, மற்றொரு கை நமக்கு வெறுமையாகத்தான் இருக்கின்றது. அதனால் அப்பிள்ளைகளுள் ஒன்றின் கையையும் பற்றிச் செல்வோமாக.